உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு

மண்டூர் வினாயகமூர்த்திக்குக் கூட்டாளிகள் வைத்த பட்டப்பெயர் போத்தல் மூர்த்தி. லொறி ஓட்டின மனிசனுக்கு அப்படியொரு பெயர் இருந்தால் ஊர் வேறு மாதிரித்தான் நினைக்கும். விஷயம் அதுவல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் பழம்பொருள் தேடிப் போகும் கூட்டத்தில், அவருக்கு மட்டும் உடைந்த சோடாப் போத்தலைத் தவிர வேறொன்றும் அகப்படாது.

கூட்டம் என்றால் பெரிய கூட்டமில்லை. காத்தான்குடியில் தையல் படிப்பிக்கும் ஸில்மியா டீச்சர், ஓட்டமாவடியில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஸாஹிர், இன்னும் நாலைந்து பேர். அறுவடை முடிந்த வயல் வட்டைகளில் வரிசையாக, குனிந்த தலை நிமிராமல் நடப்பார்கள். மண்ணைக் கிண்டக் கூடாது, அது சட்டம். மேலே கிடப்பதைப் பார்த்து, படம் எடுத்து, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிப்பதோடு அவர்கள் வேலை முடிந்தது. டீச்சருக்குக் கீறல் போட்ட பழஞ்சட்டி ஓடு ஒன்று கிடைத்திருந்தது. ஸாஹிருக்கு ஒரு நீலப் பாசிமணி. அந்த ஒரு மணியை வைத்தே அவன் ஒரு வருடம் கதை அளந்தான்.

மூர்த்தி இந்தக் கூட்டத்தில் சேர்ந்ததே தற்செயல். லொறிக்கும் மதிலுக்கும் இடையில் கால் நசுங்கி, வேலை போய், வீட்டோடு கிடந்த காலம் அது. பேச்சு நின்றுவிட்டது. கோபம் மட்டும் நிற்கவில்லை. ஒருநாள் உப்புக் கூடிப்போனதென்று அகப்பையால் மீன்சட்டியில் அடித்தார். விளிம்பில் ஒரு துண்டு பறந்தது. மனைவி சுலோஜனா அடுத்த நாளும் அதே சட்டியில்தான் மீன் காய்ச்சினாள்.

பிறகொரு நாள் டீச்சர் வந்து, வட்டைக்குள் இருக்கும் மேட்டுக்கு வழி கேட்டார். மூர்த்தி தடியை ஊன்றிக்கொண்டு காட்டப் போனவர், வெயில் சாயத்தான் திரும்பி வந்தார். சோறு ஆறும்வரை கதைத்தார்.

"அந்தக் காலத்துச் சட்டி கறுப்பும் சிவப்புமா இருக்கும், புள்ள. உள்ளுக்குக் கறுப்பு, வெளியில சிவப்பு. கவிட்டு வச்சுச் சுட்டிருக்கானுகள்."

"ஓம், ஓம். சாப்பிடுங்க," என்றாள் சுலோஜனா. என்ன நிறமாக இருந்தால் அவளுக்கென்ன? மனிசன் வாய் திறந்ததே போதும்.

அப்படி மூன்று வருடம் போனது. பிறகொரு ஞாயிறு ஸாஹிர் சொன்னான்: "அண்ண, நீங்க பேசாமப் போத்தலெல்லாம் அடுக்கி ஒரு நூதனசாலை திறங்க." எல்லாரும் சிரித்தார்கள். மூர்த்தியும் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் தடியை மூலையில் போட்டார்.

"வாற ஞாயிறு நம்மட வட்டைக்கு வாறாங்க. அதோட முடிஞ்சுது. அதுக்கு மறுகா நான் போறல்ல."

"ஏன்?"

"கண்ணில்லாதவன் என்னத்தைத் தேடுற?"

சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அந்த உட்காரல் சுலோஜனாவுக்குப் பழக்கமானது. வாரம் முழுக்க அவர் வாயிலிருந்து பத்து வார்த்தை வரவில்லை. சனிக்கிழமை மீன்குழம்பு அலுமினியச் சட்டியில் வந்தது.

"மண்சட்டி எங்க?"

"கழுவிக் காயப் போட்டிருக்கு. சாப்பிடுங்க."

ஞாயிறு காலையில் மூர்த்தி வழக்கம்போல வாவிப் பக்கத்துக் கடைசி ஆளாக நின்றார். அந்தப் பக்கம் மண் இளக்கம், காலுக்குச் சுகம். மேட்டடிக்கு வந்தபோது, நெல்லுத்தாளுக்கு நடுவில் கிடந்தது ஒரு ஓடு. கறுப்பும் சிவப்பும். தடியைப் போட்டுவிட்டுக் குனிந்து எடுத்தார்.

புரட்டினார். வெளியே கறுப்பு, உள்ளே சிவப்பு.

தலைகீழ். வெளியே இருந்தது அடுப்புக் கரி. விரலில் ஒட்டியது. விளிம்பைத் தடவினார். அகப்பை பட்டுப் பறந்த பள்ளம் அங்கே இருந்தது. மூக்கருகே கொண்டுபோனார். புளியும் மீனும் இன்னும் மணத்தது.

"என்ன அண்ண, போத்தலா?" ஸாஹிர் வந்துவிட்டான். பின்னால் டீச்சர். டீச்சர் ஓட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். கரி பட்ட விரலைப் பார்த்தார்.

ஓட்டைத் திரும்ப வாங்கிப் பொக்கற்றுக்குள் போட்டிருக்கலாம். மூர்த்திக்கு மனம் வரவில்லை.

"இது எங்கட வீட்டுச் சட்டி, டீச்சர். நான் இனி வாறல்ல எண்டு சொன்னன். அதுக்கு அவ உடைச்சுக் கொண்டுவந்து போட்டிருக்கா."

ஸாஹிர் சிரிப்பான் என்றுதான் நினைத்தார். அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"எனக்காக மீன்சட்டிய உடைக்கச் சொல்லி எங்கட வீட்டுல கேட்டா, என்ட மண்டதான் அண்ண உடையும்." தொப்பியைத் திரும்பப் போட்டபடி சொன்னான்: "இந்த மூணு வருசத்துல இதுதான் பெரிய சாமான்."

மூர்த்தி சந்தைக்குப் போய்ப் புதுச்சட்டி ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சுலோஜனா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏதும் கிடைச்சுதா?"

"ஓம். ஒரு சட்டித் துண்டு. நல்ல பழசு."

"நான் சொல்லல்லயா. அப்ப அடுத்த ஞாயிறும் போவீங்கதானே?"

"போகத்தான் வேணும். மிச்சத் துண்டுகளைத் தேடோணுமே."

"மிச்சம் கிணத்தடியில..." என்றவள் நாக்கைக் கடித்தாள்.

மூர்த்தி புதுச்சட்டியை அவள் கையில் கொடுத்தார்.

"உள்ளுக்குக் கறுப்பு, வெளியில சிவப்பு எண்டு எத்தின தரம் சொல்லியிருப்பன்."

"வாய்க்குள்ள சோத்தை வச்சுக்கொண்டு சொன்னா ஆருக்கு விளங்கும்?"

அவர் சிரித்தார். மூலையில் கிடந்த கதிரையை இழுத்து, சுவருக்கு முதுகைக் காட்டி, அவளைப் பார்த்து உட்கார்ந்தார்.

"அடுத்த ஞாயிறு நீயும் வா. வரிசைக்கு ஆள் காணாது. ஆனா சட்டி கொண்டு வராத."