பந்து போடுகிற கை

பாளையங்கோட்டையில் மாட்டுக்கு லாடம் அடிப்பதற்காக எங்கள் வண்டி நிற்கிறது. எதிரே மிஷன் பள்ளித் திடலில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். பந்து போட்டு முடித்தவனைத் தலைவன் எல்லைக் கோட்டுக்கு விரட்டுகிறான். அங்கிருந்து பந்தை எறிந்ததும் பையன் தோளைப் பிடித்துக்கொள்கிறான்.

என் பக்கத்தில் நின்ற பெண் விறுவிறுவென்று திடலுக்குள் இறங்குகிறாள்.

"ஏலே, பந்தும் இவனே போடணும், தூரத்துல இருந்தும் இவனே எறியணுமா? கிட்டக்க நிறுத்துலே."

தலைவன் தலையைச் சொறிந்துகொண்டு அவனை மட்டைக்காரனுக்கு அருகே நிறுத்துகிறான்.

"தம்பியா?" என்கிறேன், திரும்பி வந்தவளிடம்.

"ஆமா அண்ணாச்சி. நேத்து சோத்தை அள்ளி வாயில வைக்கக்கூட கையைத் தூக்க முடியல அவனுக்கு."

அடுத்த பந்து மட்டையில் உரசிப் பறக்கிறது. தம்பி பாய்ந்து இடது கையால் பிடித்துவிடுகிறான். திடலே கூச்சலிடுகிறது.

"அந்தக் கை சும்மாதான இருக்கு," என்று சிரிக்கிறாள் அக்கா.