பாதியில் நின்ற ஆபரேஷன்

அல்லாஹ்வை நம்பியிருக்கும் சகோதரர்களே, சகோதரிகளே! கழுத்தில் கத்தி வைக்கப் போகிறார்கள் என்றதும் உயிருக்கு நான் பயப்படவில்லை. குரலுக்குத்தான் பயந்தேன்.

திண்டுக்கல்லில் ஒரு சின்னப் பள்ளிவாசலில் நான் மோதினார். ஐந்து வேளையும் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்வது என் பொறுப்பு. போன ரமலானுக்குப் பிறகு தைராய்டு இரண்டு பக்கமும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டியது. ஆபரேஷன்தான் வழி என்றார் டாக்டரம்மா. என் மனைவி ஜமீலா அப்போது நிறைமாதம்.

தைராய்டை ஒட்டியே, பக்கத்துக்கு ஒன்றாகக் குரல் நரம்பு ஓடுகிறதாம். தொண்டையில் விடும் குழாயை ஒரு மிஷினோடு இணைப்பார்களாம். நரம்பைத் தொட்டுப் பார்க்கும்போது அது நன்றாக இருந்தால் மிஷின் சத்தம் கொடுக்குமாம்.

"சத்தம் வரலேன்னா?"

"அப்ப யோசிப்போம்."

எனக்குப் பொறுமை ஏது! "யோசிக்கவெல்லாம் வேணாம்மா. ரெண்டு பக்கத்தையும் ஒரேயடியா முடிச்சு விட்ருங்க. இன்னொரு தடவ படுக்க என்னால ஏலாது" என்றேன்.

டேபிளில் படுத்து, "யா அல்லாஹ், என் குரலைக் காப்பாற்று" என்று கேட்டேன். இரண்டாவது முறை கேட்பதற்குள் மயக்கம் வந்துவிட்டது. மயங்கியவனால் துஆகூடக் கேட்க முடியாது. அவ்வளவுதான் மனிதன்.

கண் விழித்ததும் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"வலது பக்கத்த எடுத்ததும் மிஷின் சத்தம் நின்னு போச்சு. குழாயச் சரிபண்ணிப் பாத்தோம், செத்த நேரம் பொறுத்தும் பாத்தோம். வரல. அதனால இடது பக்கத்தத் தொடாம மூடிட்டேன்" என்றார் டாக்டரம்மா.

எனக்குக் கோபம் பொங்கியது. திட்டவும் குரல் இல்லை. குரலும் போச்சு, வேலையும் முடியவில்லை. அந்த நேரம் பார்த்து எங்கிருந்தோ பாங்கு கேட்டது. கேட்பவர்கள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். என் உதடு மட்டும் அசைந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன்.

வீட்டிலும் அதே கதிதான். தண்ணீர் குடித்தால் புரையேறியது. ஜமீலாவைக் கூப்பிடக் கையைத் தட்டினேன். பள்ளியில் வேறொருவர் பாங்கு சொன்னார். என் துஆ மேலே போகவே இல்லையோ என்றுகூட நினைத்தேன்.

அந்த நிலையில்தான் மகள் பிறந்தாள். பிறந்த பிள்ளையின் காதில் பாங்கு சொல்ல வேண்டும். 'உன் அண்ணனைக் கூப்பிடு' என்று ஜமீலாவுக்குச் சைகை காட்டினேன். அவள் படுக்கையிலிருந்தே முறைத்தாள்.

"காதுல சொல்றதுக்கு மைக்கா வேணும்? மெதுவாத்தான சொல்லணும். நீங்களே சொல்லுங்க."

குனிந்து சொன்னேன். பாதி வார்த்தை காற்றாகவே போனது. மூச்சு வாங்க இடையிடையே நிறுத்தினேன். பிள்ளை அசையாமல் கிடந்தாள். என் கண்ணீர் அவள் துணியில் விழுந்தது.

டாக்டரம்மாவிடம் மறுபடி காட்டப் போனபோது, ஏன் பாதியில் விட்டீர்கள் என்று கிசுகிசுப்பாகவே கேட்டுவிட்டேன். "ரெண்டு நரம்பும் ஒண்ணா வேலை செய்யாமப் போயிருந்தா மூச்சே அடைச்சிருக்கும். கழுத்துல ஓட்டை போட வேண்டி வந்திருக்கும்" என்றார். நான் துஆவில் குரலைத்தான் கேட்டேன். அல்லாஹ் என் மூச்சைக் காப்பாற்றியிருக்கிறான். அப்படிக் காக்கப்பட்ட மூச்சில்தான் என் மகளுக்குப் பாங்கு சொன்னேன். அது தெரியாமல் கோபப்பட்டுக்கொண்டு கிடந்திருக்கிறேன்!

சில மாதம் கழித்து, வீட்டுக்குள் நுழைந்த ஒரு ஆட்டை விரட்டினேன். என் தொண்டையிலிருந்து சத்தம் வந்தது! நானும் ஜமீலாவும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றோம். ஆடு பாட்டுக்கு அரிசியைத் தின்றது. இப்போது மறுபடி பாங்கு சொல்கிறேன். முடிக்கும்போது குரல் கொஞ்சம் உடைகிறது. அல்ஹம்துலில்லாஹ், இது போதும்.

கேட்டது கேட்டபடி வரவில்லையே என்று அல்லாஹ்விடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். கேட்டுக்கொண்டே இருங்கள். எனக்காகவும் கேளுங்கள். இடது பக்க வீக்கம் இன்னும் இருக்கிறது. சீக்கிரமே அதே டேபிளில், அதே மிஷினோடு படுக்கப் போகிறேன். பயம் இல்லை என்றால் பொய்.

ஆனால் இந்த முறை டாக்டரம்மாவிடம் வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறேன்: "நிறுத்தணும்னு தோணுச்சுன்னா நிறுத்திருங்கம்மா. நான் இன்னொரு தடவ வாரேன்."