வாழையடியில் எடுத்த ஆம்பியர்

எங்க வீட்டுக்காரர் ஜீவரத்தினத்துக்கு பூமிக்கடியில் புதைக்கிற கேபிள்தான் உலகம். கரண்டு ஆபீஸ்ல டிசைன் செக்‌ஷன். ஒரு கேபிள்ல எத்தனை ஆம்பியர் விடலாம், எவ்வளவு விட்டா சூடு தாங்காம உள்ளே சுத்தியிருக்கிற காகிதம் கருகும்னு கணக்குப் போடுறது அவர் வேலை. கணக்குப் போடுற ஸ்லைடு ரூலும் லாகரிதம் புஸ்தகமுமா சாப்பாட்டு மேஜையைப் பிடிச்சுக்குவார். நான் பள்ளிக்கூட நோட்டுகளைத் தரையில உட்கார்ந்து திருத்தணும். "என்னங்க அது?"ன்னு கேட்டா, "உனக்குப் புரியாது தபீதா"ன்னுடுவார். நான் எஸ்.எஸ்.எல்.சி. பிள்ளைங்களுக்குக் கணக்கு எடுக்கிறவ!

எழுபத்திரண்டுல தாம்பரத்துலேருந்து சேலையூருக்கு முப்பத்துமூணாயிரம் வோல்ட் கேபிள் போட முடிவாச்சு. மேலதிகாரி ராஜகோபாலன் சீமைக் கம்பெனி புஸ்தகத்தைப் புரட்டி, "முந்நூத்திருபது ஆம்பியர், எழுதுய்யா"ன்னுட்டார். இவருக்கு வந்ததே கோபம்! "அந்த ஊர் மண்ணு ஈரம் சார், சூட்டை இழுத்துக்கும். நம்ம ஊர்ல மே மாசம் மூணடி ஆழத்துலயும் காஞ்சு கிடக்கு. காஞ்ச மண்ணு சூட்டை வெளியே விடாது"ன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டார். "அப்ப அளந்து காட்டு"ன்னார் அதிகாரி. சரி, ரோட்டைத் தோண்டலாமான்னா, அதுக்கு அனுமதி கிடையாதாம். நல்லா இருக்கு நியாயம்!

மனுஷன் எங்க கொல்லையில, வாழைக்குப் பக்கத்துல மூணடி குழி தோண்டினார். சூடேத்துற கம்பியையும் தெர்மாமீட்டரையும் ஒரு குழாய்க்குள்ள வச்சு இறக்கி மண்ணை மூடினார். "யாரும் தொடக்கூடாது." அவ்வளவுதான் எங்களுக்குச் சொன்னது. ரெண்டு மாசம் காலையும் சாயங்காலமும் ஏதோ குறிச்சுக்கிட்டே இருந்தார். நான் தொடலை, சத்தியமா தொடலை.

இருநூத்தி எழுபதுன்னு கணக்கு வந்தது. நாலு மாசம் ஒவ்வொரு மேஜையா நின்னு சண்டை போட்டு, கடைசியில தானே கையெழுத்துப் போட்டு அந்த நம்பரையே பாஸ் பண்ண வச்சுட்டார். அந்த ஞாயித்துக்கிழமை கோயில்ல அவர் பாடின பாட்டுக்கு முன் வரிசைக்காரங்க திரும்பிப் பார்த்தாங்க.

கேபிள் போட்டு, அடுத்து வந்த மே மாசமே அது எரிஞ்சு போயிடுச்சு. அன்னைக்கு ஓடினது இருநூத்தி அறுபதுதான். சேலையூர் மூணு நாள் இருட்டு. தோண்டிப் பார்த்தா சுத்தியிருந்த மண்ணு செங்கல் மாதிரி இறுகியிருந்தது, உள்ளே காகிதமெல்லாம் கரி. "உன் நம்பர்தானேய்யா?"ன்னு ராஜகோபாலன் மெமோ கொடுத்தார். அவரோட முந்நூத்திருபது விட்டிருந்தா அதுக்கு முன்னாடியே எரிஞ்சிருக்குமேன்னு கேட்க ஒரு ஆளுக்கும் வாயில்லை.

இவர் சோறு இறங்காம மூணு தடவை கணக்கைத் திரும்பப் போட்டார். "எல்லாம் சரியா இருக்கே, எங்கே தப்பு?"ன்னு புலம்பிக்கிட்டே இருந்தார். பார்க்கச் சகிக்காம நான் துணி அலசின தண்ணியைத் தூக்கிக்கிட்டுக் கொல்லைக்குப் போய், எப்பவும்போல வாழைக்கு ஊத்தினேன். தண்ணி, இன்னும் பிடுங்காம அங்கேயே கிடந்த அவரோட குழாயைச் சுத்தி வழிஞ்சு உள்ளே இறங்குச்சு.

ஐயோ ஆண்டவரே! அளந்த ரெண்டு மாசமும் தினம் இப்படித்தானே ஊத்தினேன்? அது காஞ்ச மண்ணே இல்லையே!

உள்ளே போய் சொன்னேன். கத்துவார்னு நினைச்சேன். கத்தலை. வெள்ளைத்தாளை இழுத்து வச்சுக்கிட்டு, "ஒரு நாளைக்கு எத்தனை பக்கெட்?"ன்னார்.

எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்துல அவர் வேலையைப் பத்தி என்கிட்ட கேட்ட முதல் கேள்வி!

"ரெண்டு. சனிக்கிழமை நாலு."

குறிச்சுக்கிட்டார். மெமோவுக்குப் பதிலும் அன்னைக்கே எழுதினார்: "அளந்த இடத்தில் நீர் விடப்படுகிறதா என்று விசாரிக்கத் தவறிவிட்டேன். பிழை என்னுடையது." அவர் விசாரிச்சிருக்க வேண்டிய ஆள் நான்; அத்தனை நாளும் அவருக்குச் சோறு போட்டுக்கிட்டுப் பக்கத்துலயேதான் இருந்தேன்.