வெள்ளை இழையில் தெரியாத உப்பு

எஸ்தர் அக்காவின் மல்லித் தோட்டத்தைக் கொன்றது நான்தான்.

வேரழுகல் என்று அவளிடம் நான் சொன்னது பச்சைப் பொய். ஊரே 'நம்ம இன்ஜினியரம்மா' என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறதே, அந்த நான்தான் இதைச் செய்தேன்!

உங்களிடம் ஏன் சொல்கிறேன்? ஆரணியில் வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை, அதனால்தான். நீங்கள் நாளைக்குச் சாயப்பட்டறைத் தெருவில் என் எதிரே வந்து நிற்கப் போவதில்லை. அந்தத் துணிச்சல்...

என் குணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சந்தோஷம் வந்தால் எனக்குத் தலைகால் புரியாது. "இவளுக்கு வாய் முன்னாடி ஓடும், புத்தி பின்னாடி நடந்து வரும்" என்று அம்மா சொல்வாள். சரியாகத்தான் சொன்னாள்!

அப்பாவுக்குச் சாயப்பட்டறை. பட்டுக்குச் சாயம் ஏற்றுமுன் அதன் பசையைப் போக்க வேண்டும். சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். பிறகு சாயம், பிறகு அலசல். அந்தத் தண்ணீர் முழுவதும் கால்வாயில் இறங்கி, சேவூர்ப் பக்கம் எஸ்தர் அக்காவின் நிலத்தை உரசிக்கொண்டு போகும். ஒரு நாள் அரக்கு, ஒரு நாள் மயில்கழுத்து நிறம். அக்கா விடுவாளா? எங்கள் பட்டறை வாசலுக்கே வந்துவிடுவாள்.

"அண்ணே, உங்க சாயம் என் வரப்பாண்ட வந்துகினு இருக்குது. என் மல்லி செவப்பாப் பூத்தா நீங்களா வாங்கிப்பீங்க?"

அப்பா தலையைச் சொறிவார். எனக்கு அவமானமாக இருக்கும். சுற்றுச்சூழல் பொறியியல் படிக்க நான் அடம்பிடித்ததே அந்தக் கேள்வியால்தான்.

படித்து முடித்து ஊர் திரும்பினேன். பட்டறைக்காரர்கள் ஒவ்வொருவரையும் கெஞ்சி, மிரட்டி, கூட்டம் போட்டு... ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையம் எழுந்தது! ஐயோ, அந்த நாட்களை எப்படிச் சொல்வேன்! தூக்கமே வராது, தூங்கவும் பிடிக்காது! எல்லாப் பட்டறைத் தண்ணீரும் ஒரு பெரிய தொட்டியில் வந்து சேரும். சுண்ணாம்பும் படிகாரமும் கலந்தால், சாயம் திரிதிரியாகத் திரண்டு கசடாக அடியில் போய்ப் படியும். மேலே தெளிந்த நீர் மணலுக்குள் இறங்கும். அடுத்துக் கரி. கரியைத் தாண்டி வரும்போது நிறம் என்ற பேச்சே இருக்காது. கறுத்த தண்ணீர் கண்ணாடியாக மாறுவதை முதன்முதலாகப் பார்த்தபோது, நான் தொட்டி விளிம்பில் நின்று கைதட்டிக் கத்தினேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்!

ஆனால் ஒன்று உண்டு. இந்தத் தொட்டிகள் நிறத்தைப் பிடிக்கும், கசடைப் பிடிக்கும். சோடாவிலிருந்து கரைந்து வந்த உப்பைப் பிடிக்காது. அதற்கு ஆர்.ஓ. இயந்திரம் வேண்டும். அது பிறகு வரும் என்றுதான் திட்டம். அதுவரை இந்தத் தண்ணீர் பட்டறைகளின் முதல் அலசலுக்கு மட்டுமே ஆகும். பயிருக்கு ஆகவே ஆகாது.

இது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள்!

திறப்பு விழா அன்று காலை, ஒருவரும் வருமுன்னே, உப்பு அளக்கும் மீட்டரைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன். பேனா போன்ற சின்ன மீட்டர். கல்லூரி விடுதியில் யாரும் மாற்றி எடுத்துவிடக் கூடாதென்று சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு வைத்திருந்தேன். எண் ஏறிக்கொண்டே போனது. எந்தச் செடியும் தாங்காத உப்பு. மீட்டரை அணைத்துப் பைக்குள் போட்டேன். 'நிறம் போய்விட்டது, உப்பு போகவில்லை, யாரும் நிலத்துக்குப் பாய்ச்சாதீர்கள்' என்று எல்லோர் முன்பும் சொல்லத்தான் இருந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் இருந்தேன்!

அதற்குள் அப்பா வெள்ளைப் பட்டு நூல் கண்டை எடுத்து வந்துவிட்டார்.

எங்கள் ஊர்ச் சாயக்காரர்கள் தண்ணீரைப் பட்டிடம் கேட்டுத்தான் நம்புவார்கள். புதிதாகப் போர்வெல் போட்டால்கூட, முதல் தண்ணீரில் ஒரு வெள்ளைக் கண்டை நனைத்துப் பிழிவார்கள். இழை மங்கினால் கெட்ட தண்ணீர், வெள்ளையாகவே இருந்தால் நல்ல தண்ணீர். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அப்பா குனிந்து கண்டை முக்கினார். தெருவே எட்டிப் பார்த்தது. எடுத்தார், பிழிந்தார், வெயிலில் உதறிக் காட்டினார்.

"எம்மா... தும்பப்பூ மாதிரி இருக்குதும்மா!"

விசில் பறந்தது! யாரோ என் வாயில் கேசரியைத் திணித்தார்கள். என்னைத் திட்டித் தீர்த்த பட்டறைக்காரர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அப்பாவின் கண் கலங்கியிருந்தது. நான்... நான் பறந்துகொண்டிருந்தேன். உப்பு இழையில் தெரியாது, அப்பா, என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? சொல்லியிருக்க வேண்டாமா? வேண்டும்தான்!

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எஸ்தர் அக்கா வந்தாள்.

"பாப்பா, இந்தத் தண்ணிய என் மல்லிக்கு உட்டுக்கலாமா? கெணறு வத்திப் போயி ஒரே பேஜாரா இருக்குது."

சாயத் தண்ணீருக்காகச் சண்டைக்கு வந்தவள், அதே தண்ணீரைக் கேட்டு வருகிறாள்! நான் படித்த படிப்புக்கு இதைவிட என்ன பட்டம் வேண்டும்? என் தோளில் மீட்டர் இருந்த பை தொங்கிக்கொண்டிருந்தது.

"தாராளமா, அக்கா!"

ஒரே வார்த்தை. வாய் முன்னாடி ஓடிவிட்டது...

"ஏசப்பா உன்ன நல்லா வெக்கட்டும்" என்று என் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள்.

புத்தி பின்னாடியாவது வந்து சேர்ந்ததா? வந்தது. மறுநாளே போய்ச் சொல்லிவிடலாம் என்றது. நான் போகவில்லை. ஊர் இன்னும் கொண்டாடிக்கொண்டிருந்தது. நானும் அதில் இருந்தேன்.

அக்கா அந்தத் தண்ணீரைப் பாய்ச்சத் தொடங்கினாள். முதலில் மல்லி இலையின் ஓரம் கருகியது. பிறகு மொட்டு சிறுத்தது. காய்ந்த மண்ணின் மேல் மாவு தூவியது போல வெள்ளை பூத்தது. அக்கா ஆள் அனுப்பினாள், போனேன். ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது எனக்கு. கருகிய இலையை என் உள்ளங்கையில் வைத்து, "இன்னா பாப்பா இது?" என்றாள்.

அந்த இடத்தில், அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். நிலத்தை மீட்க வழியும் இருந்தது.

"வேரழுகல் மாதிரி இருக்குதுக்கா" என்றேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். மருந்தின் பெயர்கூடச் சொன்னேன்! அவள் வாங்கி வந்து ஊற்றினாள். ஊற்றியதோடு நிற்காமல், "நல்ல தண்ணி இன்னும் கொஞ்சம் உட்டா தேறிடும்" என்று மடையைத் திறந்து என் தண்ணீரையே இன்னும் பாய்ச்சினாள்! நான் வரப்பில் நின்று பார்த்தேன். நிறுத்துங்கள் என்றால் ஏன் என்று கேட்பாளே... அந்தப் பயத்தில் வாயே திறக்கவில்லை. எப்போதும் முன்னாடி ஓடுகிற வாய், அன்றைக்கு மட்டும் எங்கே போயிற்று?

தோட்டம் மொத்தமும் போயிற்று. காய்ந்த செடிகளைப் பிடுங்கிக் குவித்துவிட்டு அக்கா சொன்னதைக் கேளுங்கள்.

"என் கைராசி போச்சு, பாப்பா."

உங்களுக்குப் புரிகிறதா? சேவூரில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் முதல் பூ அவளிடம்தான் வாங்குவார்கள். கிறிஸ்துவர், இந்து என்ற பேதமே இல்லை. எஸ்தர் கை பட்டால் துளிர்க்கும் என்பார்கள். அந்தக் கை கெட்டுப்போய்விட்டது என்று அவளே நம்பிவிட்டாள்! பூவை அழித்ததுகூடப் பெரிதில்லை போலிருக்கிறது எனக்கு. இதைத்தான் தாங்க முடியவில்லை.

என்ன செய்தேன்? சுத்திகரிப்பு நிலையத்திலேயே அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தேன். ஊர் மெச்சியது. அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். இதைவிடத் தண்டனை உண்டா... உண்டு, கேளுங்கள்.

இப்போது ஆர்.ஓ. வந்துவிட்டது! நேற்று முதல் ஓட்டம். உப்புத் தண்ணீர் தனியாகப் பிரிந்து உலர்த்தும் பாத்திக்குப் போகிறது. கசடு காய்ந்து, மூட்டையாகி, உரிய இடத்துக்குப் போகிறது. நல்ல தண்ணீர் குழாயில் குபுகுபுவென்று வருகிறது! இத்தனைக்குப் பிறகும் என் நெஞ்சு குதிக்கத்தான் செய்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் குதித்தது!

அக்காவைக் கூப்பிட்டு மீட்டரைக் கையில் கொடுத்தேன். தண்ணீரில் வைக்கச் சொன்னேன். எண் கொஞ்சமாக ஏறி நின்றுவிட்டது.

"கம்மியா வந்தா நல்லதுதானே பாப்பா?"

"ரொம்ப நல்லதுக்கா! இனிமே பயிருக்கே உடலாம்!"

அவளும் சிரித்தாள். பிறகு சும்மாதான் கேட்டாள். "என் மல்லிக்கு உட்டப்போ எவ்ளோ இருந்துச்சு?"

நான் குனிந்து குழாயைத் திருகினேன்.

"அப்போ மீட்டர் இல்லக்கா."

"இருந்தா மட்டும் இன்னா? உங்கப்பா பட்டு நனைச்சுப் பாத்தாரே, வெள்ளையாதானே இருந்துச்சு. தண்ணி நல்ல தண்ணிதான். கோளாறு என் கையிலதான்."

மீட்டரைத் திருப்பிக் கொடுக்க நீட்டினாள். அவள் கட்டைவிரல், விடுதிக் காலத்தில் நான் வைத்த அந்தச் சிவப்புப் பொட்டின் மேல் இருந்தது.

வெளியே நல்ல தண்ணீர் பாயும் பாத்தியில் நடுவதற்குக் கல்வாழைக் கன்றுகள் வந்திருந்தன. முதல் கன்றை நீங்களே நடுங்கள் என்றேன். அவள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு பின்வாங்கினாள்.

"என் கை வேணாம் பாப்பா. நல்லா ஆரம்பிச்சிருக்குது. நீயே நடு."

நான் வாங்கி நட்டேன்.