பன்னிரண்டு மணிச் சங்கு

அந்தப் பட்டனுக்குக் கம்பி இழுத்தவன் நான்தான். விசாரணையில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்கவில்லை. அதனால் இங்கே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. ஸ்ரீரங்கத்தில் ஓர் உள்ளாட்சி அலுவலகம், அவ்வளவு போதும். எழுபதுகளின் நடுவில் வயர்மேனாகச் சேர்ந்தேன். தெருவிளக்கு, பம்ப் மோட்டார், சங்கு மூன்றும் என் பொறுப்பு. சங்கு என்றால் கோயிலில் ஊதுவது இல்லை. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்திருந்த கரண்ட் சைரன். காலை ஐந்து, பகல் பன்னிரண்டு, ராத்திரி எட்டு. கீழே ஒரு சின்ன அறையில் சங்குக்காரர் உட்கார்ந்திருப்பார், நேரம் வந்ததும் சுவிட்சைப் போடுவார். ஊர் அதை வைத்துத்தான் ஓடியது. பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி அடிப்பது, கடையில் பாதிக் கதவைச் சாத்துவது, வீட்டில் உலையை இறக்குவது எல்லாம் சங்குக்குத்தான். வாட்ச் கட்டியவர்களும் சங்கு ஊதினால் கையைத் திருப்பிப் பார்த்து முள்ளைத் திருத்திக்கொள்வார்கள். வாட்ச் தப்பாக இருக்கலாம், சங்கு தப்பாக இருக்காது. இதுதான் ஊரின் எண்ணம். எனக்கும் அதில் பெருமைதான்.

என் தங்கை வீடு கொள்ளிடக் கரைக்குக் கீழே, பள்ளத்தில் இருந்த ஒரு தெருவில் கடைசி வீடு. மாப்பிள்ளை லாரியில் லோடு ஏற்றுகிறவர். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. கரையில் ஏறி நின்றால் அந்த வீட்டுக் கூரை நம் காலுக்குக் கீழே தெரியும். மழைக்காலம் வந்தால் எனக்கு அந்தக் கூரை நினைவாகவே இருக்கும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் புதுத் திட்டம் ஒன்று வந்தது. மூன்று அலுவலகம் சேர்ந்து செய்வது. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் ஆற்றைப் பார்த்துக்கொள்ளும் ஆட்கள், வருவாய்த் துறை, அப்புறம் நாங்கள். முக்கொம்பில் கொள்ளிடம் பக்கம் தண்ணீர் ஓர் அளவைத் தாண்டினால் அங்கே ஒரு பட்டனை அழுத்துவார்கள். டெலிபோன் கம்பி வழியாக இங்கே ரிலே, அதாவது தானாகச் சுவிட்ச் போடும் பெட்டி, இழுக்கும், சங்கு தானாகவே மூன்று முறை ஊதும். சங்குக்காரர் அறையில் சிவப்பு பல்ப் எரியும். தமிழ்நாட்டிலேயே இதுதான் முதல் என்று சொல்லிக்கொண்டார்கள். உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் வேலை நன்றாக இருந்தது. ரிலேயை நானே பெட்டி செய்து பொருத்தினேன்.

திட்டத்தைக் கொண்டுவந்த இளம் அதிகாரி கெட்டவர் இல்லை. மழையில் என்னோடு கம்பத்தடியில் நின்றவர். கூட்டத்தில் அவரிடம் நேராகவே சொன்னேன்.

"சார், சங்கு நேரம் சொல்றது. அதையே வெள்ளத்துக்கும் ஊதினா ஜனங்களுக்குப் புரியாது. வேற சத்தமா ஒண்ணு வைங்க."

"ஒரு தடவை ஊதினா நேரம், மூணு தடவை ஊதினா வெள்ளம். இதுல புரியாம என்னய்யா இருக்கு?"

"அதை ஜனங்களுக்கு யாரு சொல்றது?"

வருவாய்த் துறைக்காரர் வடையைக் கடித்துக்கொண்டே, "நோட்டீஸ் லோக்கல் பாடிதான் அடிக்கணும்" என்றார். எங்கள் மேலதிகாரி, "திட்டம் ஸ்டேட்டோடது, நோட்டீஸும் ஸ்டேட்டுதான் அடிக்கணும்" என்றார். எழுதிக் கேட்கலாம் என்று முடிவானது. எழுதினார்கள், பதில் வந்தது, அதற்குப் பதில் போனது. நோட்டீஸ் கடைசிவரை அடிக்கப்படவில்லை.

அடுத்து சோதனை. மாதம் ஒரு முறை பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும். எந்நேரத்தில்? திடீரென்று ஊதினால் ஜனங்கள் பயந்துவிடுவார்களாம். அதனால் மூன்று அலுவலகமும் கையெழுத்துப் போட்டு ஓர் உத்தரவு வந்தது. பொதுமக்களைப் பீதிக்குள்ளாக்காமல், மாதத்தின் முதல் திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிச் சங்குக்குப் பதிலாகச் சோதனைச் சங்கு ஊதப்பட வேண்டும்.

நான் அதைப் படித்தேன். படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அந்த ஒரு நாள் நான் கத்தியிருக்க வேண்டும்.

ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே நடந்தது. முதல் திங்கட்கிழமை மூன்று முறை ஊதும். ஊர் அதையும் பழகிக்கொண்டது. டீக்கடையில், "மூணு சங்கு ஊதிருச்சு, ரேஷன்ல சர்க்கரை வந்திருக்கும், போங்க" என்பார்கள். மாப்பிள்ளை என்னைக் கண்டாலே ஆரம்பித்துவிடுவார்.

"என்ன மச்சான், உங்க சங்குக்கு விக்கலா? மூணு தடவை இழுக்குதே. தண்ணி குடுங்க."

"அது வெள்ளத்துக்கு மாப்ள. அது ஊதினா ஓடணும்."

"போன மாசமும்தான் ஊதுச்சு. சாப்பிடத்தான் ஓடினேன்."

தங்கை சிரித்தாள். நானும் சிரித்தேன். வெள்ளம் என்றால் மூன்று என்று ஊருக்குச் சொல்வதற்காக வைத்த சங்கு, பன்னிரண்டு மணி என்றால் மூன்று என்று சொல்லிக்கொடுத்திருந்தது. அதை மாதம் தவறாமல் ஊதவைத்தது என் ரிலே.

அந்த ஐப்பசியில் மாப்பிள்ளை லாரியிலிருந்து விழுந்தார். இடுப்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டு. கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். கட்டிலோடு தூக்க நான்கு ஆள் வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து அப்படித்தான் தூக்கி வந்தோம்.

மழை நான்கு நாளாக விடவில்லை. ஐந்தாவது நாள் காலை நான் கோயிலுக்கு வடக்கே ஒரு கம்பத்தின் மேல் இருந்தேன். சங்கு ஊதியது. மூன்று முறை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வாட்சைப் பார்த்தேன். பதினொன்று இருபது. கம்பி இழுத்தவன், பெட்டி செய்தவன், வேற சத்தம் வைங்க என்று கூட்டத்தில் பேசியவன், கையைத் திருப்பி வாட்சைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, மழையில் லைன் ஷார்ட் ஆகிவிட்டது என்று நினைத்தேன். ரிலே வீணாகப் போகிறதே என்று சைக்கிளைத் தண்ணீர்த் தொட்டிக்கு மிதித்தேன். வழியில் யாரும் ஓடவில்லை. ஒரு மளிகைக் கடைக்காரர் பலகையை எடுத்துச் சாத்திக்கொண்டிருந்தார். "என்ன வயர்மேன், இன்னைக்குப் பொழுது போனதே தெரியலையே!" என்றார். பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் சாப்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

சங்குக்காரர் அறையில் பெட்டியைத் திறந்து, துடைத்து, ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தேன். சிவப்பு பல்ப் எரிந்துகொண்டிருந்தது. லைன் ஷார்ட் ஆனால் அது எரியாது. முக்கொம்பில் யாராவது விரலால் பட்டனை அழுத்தினால்தான் எரியும்.

"இது எப்பலேர்ந்து எரியுது?"

"ஊதினதுலேர்ந்து எரியுது" என்றார் சங்குக்காரர். "நான் சுவிட்சைத் தொடவே இல்லைங்க. அதுவா ஊதுச்சு. அதான் நீங்க வருவீங்கன்னு உக்காந்திருக்கேன்."

இன்னொன்று பிறகு தெரிந்தது. முக்கொம்பில் தண்ணீர் அந்த அளவை வெகு நேரம் முன்பே தாண்டிவிட்டது. பட்டனை அழுத்த ஆற்று ஆட்கள், வருவாய்த் துறை இரண்டு அலுவலகமும் சம்மதிக்க வேண்டும் என்று விதி. ஓர் அதிகாரி சரி என்றார், இன்னொருவர் ஜீப்பில் போய்க்கொண்டிருந்தார். அவரைப் பிடிக்கும்வரை பட்டனுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் விரலை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். கூட்டு முயற்சி.

சைக்கிளை எடுத்துப் பறந்தேன். தங்கை வீட்டு வாசலில் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். அவள் அடுப்படியில் இருந்தாள்.

"வாண்ணே. பாரேன், பன்னெண்டு ஆயிருச்சு, இன்னும் சோறு வேகலை. கடிகாரம் ஸ்லோவாப் போகுது, இப்பத்தான் திருப்பி வெச்சேன்."

"அடுப்பை விடு. வெள்ளம் வருது. அந்தச் சங்கு வெள்ளத்துக்கு ஊதினது!"

"மச்சான், இன்னைக்கு முதல் திங்கக்கிழமை இல்லையே" என்றார் மாப்பிள்ளை கட்டிலிலிருந்து. அவர் ஒருவர்தான் அதைக் கவனித்திருந்தார். "அப்பவே இவகிட்ட சொன்னேன். கேக்கலை."

தெருவில் இறங்கிக் கத்தினேன். மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் பக்கத்து வீட்டுத் தையல்காரர். மற்ற இருவர் அண்ணன் தம்பி, வாழைத்தார் வெட்டுகிறவர்கள். நான்கு பேரும் கட்டிலின் நான்கு காலைப் பிடித்தோம். வாசல் நிலையில் நேராக நுழையாது, சாய்க்க வேண்டும். சாய்த்தால் மாப்பிள்ளை வலியில் அலறினார். பாதி வெளியே, பாதி உள்ளே.

அப்போது சங்கு ஊதியது. ஒரே ஒரு முறை, நீளமாக.

பன்னிரண்டு மணி. சங்குக்காரர் தன் வேலையைச் செய்தார். ஊத வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டு வரவில்லை. வேறு யாரும் அவரிடம் சொல்லவில்லை.

தையல்காரர் கட்டிலைக் கீழே வைத்தார். முகத்தில் சிரிப்பு.

"பாத்தீங்களா வயர்மேன், இதான் பன்னெண்டு. முன்னாடி ஊதினது தப்பு. உங்க மெஷினு கோளாறுங்க."

"கோளாறு இல்லய்யா! நான் பல்பைப் பாத்துட்டு வரேன்!"

"பல்பு எரிஞ்சா வெள்ளமா? எங்க வீட்லயுந்தான் எரியுது" என்றான் தம்பிக்காரன். அண்ணன், "பாவம், அவர் வலியில துடிக்கிறாரு. மழை விடட்டும், சாயங்காலம் மெதுவாத் தூக்கலாம்" என்றான். மூன்று பேரும் சாப்பிடப் போனார்கள். பயந்து மூட்டை கட்டிக்கொண்டிருந்த இரண்டு வீட்டார் அந்தச் சத்தத்தைக் கேட்டு மூட்டையை அவிழ்த்தார்கள். கண்ணால் பார்த்தேன். கெட்ட வார்த்தையில் திட்டினேன், ஒருத்தரும் திரும்பவில்லை.

நானும் தங்கையும் கட்டிலை இழுத்துப் பார்த்தோம். அது நிலையில் சிக்கிக்கொண்டது. அப்போது கொல்லைப் பக்கத்திலிருந்து கோழிகள் வீட்டுக்குள் ஓடிவந்தன. பின்னால் தண்ணீர் வந்தது. சத்தமே இல்லை. சாக்கடை வழியாகப் பழுப்பாக ஏறி, அடுப்பை அணைத்து, கட்டில் காலைச் சுற்றியது.

மாப்பிள்ளை குழந்தையைப் பார்த்தார்.

"புள்ளையத் தூக்குங்க மச்சான். அவளையும் கூட்டிட்டுப் போங்க. போய் ஆளைக் கூட்டிட்டு வாங்க. நான் எங்க போயிரப் போறேன்?"

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தங்கையை இழுத்துக்கொண்டு மேட்டுத் தெருவுக்கு ஓடினேன். தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. மூன்று ஆட்களைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். தெரு முனையில் மார்பளவு. அதற்குள் கொள்ளிடக் கரை உடைந்து, அங்கிருந்து தண்ணீர் சுவர் போல வந்தது. கடைசி வீட்டுக்குப் போக முடியவில்லை. கயிறு கட்டி இறங்கினேன், இழுத்துப் போட்டார்கள். மறுபடி இறங்கினேன், மறுபடி இழுத்துப் போட்டார்கள். அந்தத் தையல்காரரும் அங்கே நின்றார். ஈரத்தோடு, கையில் ஒரு தையல் மெஷின் தலையைப் பிடித்துக்கொண்டு. என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

மாப்பிள்ளையை மறுநாள் எடுத்தோம். கட்டில் அதே வாசல் நிலையில்தான் சிக்கியிருந்தது.

விசாரணை நடந்தது. மூன்று அலுவலகமும் ஒரே மேஜையில் உட்கார்ந்தன. பட்டன் வேலை செய்ததா? செய்தது. ரிலே இழுத்ததா? இழுத்தது. சங்கு மூன்று முறை ஊதியதா? ஊதியது. ஆகவே கருவியில் குறை இல்லை, பொதுமக்களிடம் விழிப்புணர்வு போதவில்லை. என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி, சங்கு ஊதியதைக் காதால் கேட்டாயா? கேட்டேன் என்று கையெழுத்துப் போட்டேன். திட்டத்தை இன்னும் சில ஊர்களுக்குக் கொண்டுபோகப் பரிந்துரையும் எழுதினார்கள்.

அன்றைக்கே தொட்டி மேல் ஏறிச் சங்கின் கம்பியை அறுத்தேன். வெள்ளத்துக்கு மட்டும் ஊதட்டும், நேரத்துக்கு ஊத வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள், அப்புறம் இணைக்கிறேன் என்றேன். மெமோ கொடுத்தார்கள். சில நாள் ஊர் சங்கு இல்லாமல் இருந்தது. பிறகு மனு வந்தது. சங்கு இல்லாமல் நேரம் தெரியவில்லை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதில் சிரமம், உடனே ஊத வேண்டும். கீழே நிறையக் கையெழுத்து. அதில் பள்ளத் தெருக்காரர்களும் இருந்தார்கள். தையல்காரர் அழகாக எழுதியிருந்தார்.

எங்கள் மேலதிகாரி மனுவை என் முன்னால் வைத்தார்.

"ஜனங்களே கேக்குறாங்கய்யா. சேத்து விடு. இல்லைன்னா வேலைய விட்டுட்டுப் போ."

தங்கையும் குழந்தையும் அப்போது என் வீட்டில் இருந்தார்கள். அறுத்த அதே கையால் சேர்த்தேன்.

தங்கையிடம் நான் சொல்லவில்லை. சங்கே சொல்லிவிட்டது. வீட்டுக்கு வந்தபோது குழந்தையின் காதை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். "நீயா சேத்தே?" என்றாள். நான்தான் என்றேன். அதன் பிறகு அவள் என்னிடம் பேசிய வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

சோதனை முறையை மாற்றவில்லை. உத்தரவில் மூன்று கையெழுத்து இருக்கிறது, மாற்றவும் மூன்று கையெழுத்து வேண்டும். அடுத்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு போனது. முதல் திங்கட்கிழமை பகல் பன்னிரண்டுக்கு நான் கடைத்தெருவில் நின்றேன். சங்கு ஊதியது. ஒன்று. இரண்டு. மூன்று. இது சோதனையா, நிஜமா என்று எனக்கே தெரியவில்லை. தெருவைப் பார்த்தேன். ஒருவர்கூட ஆற்றுப் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் கையைத் திருப்பி வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.