யாரும் சாப்பிடாத தட்டு

மஞ்சள் டர்னிப் கிழங்கை வட்டமாக அரிந்து, வட்டங்களைக் குச்சிகளாக்கி, குச்சிகளைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தன அந்தக் கைகள். ஒவ்வொரு துண்டும் ஏழு வயதுக் குழந்தையின் கட்டைவிரல் நகத்தளவு. பக்கத்திலேயே துருவும் இயந்திரம் இருந்தது. நூற்றெண்பது பேருக்கானதை அது பத்து நிமிடத்தில் துருவித் தள்ளிவிடும். ஆனால் துருவிய காய்கள் தட்டில் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதனால்தான் காலை ஆறரையிலிருந்து இந்தக் கத்தி வேலை.

கைகளுக்குச் சொந்தக்காரர் இர்மெலி தொலோனென். எங்கள் பள்ளிச் சமையலறைக்கு வந்து பத்தொன்பது வருடம். அதற்கு முன் நெடுஞ்சாலையில் ஒரு பெட்ரோல் பங்க் உணவகத்தில் இருந்தார். சமையல் படிப்பு எதுவும் கிடையாது. படித்ததெல்லாம் திரும்பி வரும் தட்டுகளில். கழுவப்போகும் தட்டை ஒரு கணம் நிறுத்தி, எது தொடப்படவே இல்லை, எது ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறது, எதில் பல் பட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாளியில் கொட்டுவார்.

பின்லாந்துப் பள்ளிகளில் சாப்பாட்டு வரிசையின் தொடக்கத்தில் ஒரு மாதிரித் தட்டு இருக்கும், மேலே சுவரில் அதன் படமும். பாதித் தட்டு காய்கறி, கால் பங்கு உருளைக்கிழங்கு, கால் பங்கு மீனோ இறைச்சியோ, பக்கத்தில் ரொட்டியும் பாலும். பிள்ளைகள் அதைப் பார்த்துத் தாங்களே போட்டுக்கொள்ள வேண்டும். பந்தி முடிந்ததும் மாதிரித் தட்டு வாளிக்குப் போகும்.

ஆகஸ்டில் முதல் வகுப்பில் சேர்ந்த வில்யா அந்தத் தட்டைக் கட்டளை என்று எடுத்துக்கொண்டாள். பார்த்தபடியே குவித்துக்கொண்டாள். பீட்ரூட் சாறு வழிந்து உருளைக்கிழங்கு சிவந்தது. மூன்று வாயாவது சாப்பிட்டால்தான் எழுந்திருக்கலாம் என்றார் ஆசிரியை லௌஹா. மற்றவர்கள் விளையாடப் போன பிறகும் அவள் அந்தத் தட்டுக்கு முன் அழுதுகொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து வறட்டு ரொட்டியும் பாலும் மட்டும்தான். மருத்துவர் பார்த்து, நோய் ஒன்றும் இல்லை என்றார்.

அக்டோபரில் உணவுத்துறையிலிருந்து ஒரு ஒப்புதல் தாள் வந்தது. நகரத்தின் மையச் சமையலறையிலிருந்து வில்யாவுக்குத் தினமும் தனியாகக் கஞ்சி வரும். சுவரோரம் தனி மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவாள் என்றிருந்தது. அம்மா கையெழுத்துப் போட்டிருந்தார், லௌஹாவும். சமையலறைக் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. இர்மெலி பேனாவைத் தொடவில்லை.

"பயமுறுத்தினது நாம. தண்டன அவளுக்கா?" என்று உணவுத்துறை மேலாளர் இல்போவிடம் கேட்டார். "தட்டுதான் பெருசு, இல்போ. அவ வயித்துல ஒரு கோளாறும் இல்ல."

நவம்பர் கடைசியில் தானே வந்து பார்ப்பதாகவும், அன்றும் ரொட்டி மட்டும்தான் என்றால் சமையலறைக் கையெழுத்தைத் தானே போட்டுவிடுவதாகவும் சொல்லி இல்போ போனார்.

அன்றோடு இர்மெலி காய்களைக் கலப்பதை நிறுத்தினார். ஒவ்வொன்றும் தனிக் கிண்ணத்தில் வந்தது. மேசையில் யாரும் வாய்க்கணக்கு எண்ணக் கூடாது என்று லௌஹாவிடம் சொன்னார். லௌஹா இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாதிரித் தட்டை முதல் வகுப்புப் பிள்ளைகளே முறை வைத்துப் போடட்டும் என்று இர்மெலி விட்டுவிட்டார். சாப்பிடு என்று யாரிடமும் சொல்லவில்லை.

வில்யாவின் முதல் முறையில் தட்டில் ஒரு ரொட்டி மட்டும் இருந்தது. இர்மெலி அதை அப்படியே வைத்தார். ஆறாம் வகுப்புப் பையன்கள் சிரித்தார்கள்; அவர் பார்த்த பார்வையில் அடங்கினார்கள். யாரோ அந்தத் தட்டைப் பிடித்து அனுப்பிய புகைப்படத்தைப் பார்த்து இல்போ தொலைபேசியில் சத்தம் போட்டார். இர்மெலி தொலைபேசியை மாவு டப்பாவின் மேல் வைத்துவிட்டுக் குழம்பைக் கிளறினார்.

இரண்டாம் முறை ரொட்டியோடு ஒரு கேரட் குச்சியும் சேர்ந்தது. போட்டுவிட்டு வில்யா கேட்டாள்:

"அத்தை, இந்தத் தட்ட யாரு சாப்புடுவாங்க?"

"யாரும் இல்லம்மா. கொட்டிருவோம்."

"பாவம்ல?"

அடுத்த வாரம் வில்யாவின் தட்டு திரும்பி வந்தபோது ரொட்டித் தூளுக்கு நடுவே ஒரு டர்னிப் துண்டு கிடந்தது. அதன் மூலையில் இரண்டு சின்னப் பற்களின் தடம். இர்மெலி அதை வெகுநேரம் பார்த்தார்.

நவம்பர் கடைசியில், வில்யாவின் மூன்றாம் முறை வந்த அன்றுதான் இல்போவும் வந்தார், மடித்த தாளோடு. வில்யா ஒரு உருளைக்கிழங்கு வைத்தாள். அதன் மேல் படாமல் தள்ளி ஒரு மீன் துண்டு. மூன்று டர்னிப் துண்டுகள். ஒரு கரண்டி பீட்ரூட்டை, வழியாமல் இருக்க, காப்பிக் கோப்பையின் சின்னத் தட்டில் போட்டுப் பெரிய தட்டின் ஓரத்தில் ஏற்றினாள்.

"படத்துல இருக்கிற மாதிரி இல்லையே," என்றார் இல்போ.

"படம் சாப்புடப் போறதில்ல."

"இர்மெலி, இத எடுத்துட்டு முறைப்படி ஒண்ணு வை."

"எடுக்கிறேன். ஆனா கொட்ட மாட்டேன்."

தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வில்யாவைப் பார்த்தார். "நீ போட்டது. இத யாருக்குக் குடுக்கலாம், சொல்லு."

வில்யா எட்டி ஒரு டர்னிப் துண்டை எடுத்து வாயில் போட்டாள். மெல்லும் சத்தம் இல்போவுக்கும் கேட்டது. தாள் அவர் கையில் மடித்தபடியே இருந்தது.

பிறகு இரண்டு கைகளையும் நீட்டினாள். "பீட்ரூட் சிந்தாமக் குடுங்க அத்தை. நான் எங்க மேசைக்குப் போகணும்."

இர்மெலி அவளைப் பாராட்டவில்லை. காலியான இடத்தில் இன்னொரு துண்டை வைத்தார், தட்டின் விளிம்பைத் துணியால் துடைத்தார், அவள் கைகளில் கொடுத்தார்.