வெள்ளவத்தைக்கு எதிரே நங்கூரம்

கல்யாணமான நாளிலிருந்து உஷாந்தி ஒரு பயணத்தையாவது முதலில் சொன்ன இடத்துக்குப் போய் முடித்ததில்லை. தேனிலவுக்கு நுவரெலியா என்று புறப்பட்டவர்கள், வழியில் கண்டியில் இறங்கி, கணவர் ஜனாவின் மேலதிகாரி வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறிவிட்டுத் திரும்பினார்கள். கனடாவுக்குப் போய்க் குடியேறுவதென்று வீட்டுத் தளபாடமெல்லாம் விற்ற பிறகு, கிருலப்பனையில் இன்னொரு வாடகை வீட்டுக்குத்தான் போனார்கள். ஜனா கெட்டவர் அல்ல. கோபமாக ஒரு சொல் பேசத் தெரியாதவர். ஒரு திட்டம் கைகூடி வருகிற நேரம் பார்த்து அதைவிட நல்லதாக இன்னொன்று அவருக்குத் தோன்றிவிடும், அவ்வளவுதான்.

கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் வேலை பார்த்துப் பிறருடைய கப்பல்களை வழியனுப்பிக்கொண்டே ஓய்வுபெற்றவர் அவர். அந்த ஆற்றாமையோ என்னவோ, நாடு திரும்பவிருந்த ஒரு ஒல்லாந்துக்காரரிடமிருந்து பழைய பாய்மரப் படகொன்றை வாங்கினார். படகு கொழும்புக்குத் தெற்கே பேருவளைத் துறைமுகத்தில் நின்றது. போன பருவம் முழுக்கச் சனி ஞாயிறுகளில் அங்கே போய், அந்த மனிதரிடமே ஓட்டவும் பழகிக்கொண்டார்.

காலி வீதியில் காது கேட்கும் கருவி விற்கும் கடையில் உஷாந்திக்கு வேலை. தங்கை லக்ஷ்மிப்பிரியாவுடன் சிதம்பரம் போவதற்காக எடுத்திருந்த லீவை, படகில் வடக்கே கற்பிட்டிக்குப் போவதென்று ஜனா மாற்றினார். "மாசியில கடல் குளம் மாதிரிக் கிடக்கும், உஷா. நீர்கொழும்பில ஒரு நாள் தங்கி, அங்கால கற்பிட்டி. டொல்பின் பாக்கலாம். நீர் சும்மா இருந்து வந்தாக் காணும்." தங்கை ஒரு கிழமை அவளோடு கதைக்கவில்லை.

படகு ஆழமான நீரில்தான் நிற்கும். கரைக்குப் போகவும் வரவும் டிங்கி என்று ஒரு சிறிய ரப்பர் படகு இருந்தது. சனிக்கிழமை காலை பேருவளையில் அதைப் பார்த்தபோது பக்கமெல்லாம் சோர்ந்து, பழைய தலையணை மாதிரிக் கிடந்தது. சைக்கிள் டியூபுக்கு ஒட்டும் பசை வாங்கி ஒட்டி, காய்ந்ததா காய்ந்ததா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்ததிலேயே அன்றைய பகல் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை களுத்துறையைத் தாண்டிய பிறகு உஷாந்தி திரும்பிப் பார்த்தாள். பின்னால் கட்டி இழுத்து வந்த டிங்கியைக் காணவில்லை. கயிறு மட்டும் தண்ணீரில் இழுபட்டுக்கொண்டு வந்தது.

"ஆர் கட்டினது?"

"நான்தான். நல்லாத்தானே கட்டினனான்..."

பாயை இறக்கி, இஞ்சினைப் போட்டு, வந்த வழியே திரும்பித் தேடினார்கள். அது தென்னை மரங்கள் தெரியும் பக்கமாகத் தன்பாட்டுக்கு மிதந்துகொண்டிருந்தது. கொக்கித் தடியால் எட்டி இழுத்ததில் உஷாந்தியின் தோள் பிடித்துக்கொண்டது. அன்றைக்குப் பாணந்துறையைத் தாண்ட முடியவில்லை.

"நீர்கொழும்போட நிப்பம்," என்றார் ஜனா. "கற்பிட்டிய அடுத்த முறை பாப்பம்."

அவள் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சொல்லி என்ன பயன்?

மறுநாள் பாணும் குடிதண்ணீரும் வாங்கப் பாணந்துறைக் கரைக்குப் போனார்கள். திரும்பி வரும் வழியில் டிங்கியின் சின்ன இஞ்சின் ஒரு குலுங்கலில் பின்பலகையிலிருந்து கழன்று, குளுக்கென்று தண்ணீருக்குள் போய்விட்டது. திருகாணியை இறுக்க ஜனா மறந்திருந்தார். தண்ணீரில் விரிந்த எண்ணெய் வட்டத்தைத் துடுப்பால் கலைத்துவிட்டு, "துடுப்பு இருக்குத்தானே," என்றார். அதற்குப் பிறகு நீர்கொழும்பு என்ற பெயரும் அவர் வாயில் வரவில்லை. கொழும்பு மட்டும் போய்ப் பார்ப்பது என்றானது.

பிற்பகலில் கல்கிசையும் தெஹிவளையும் வலப்பக்கமாக நகர்ந்துபோயின. வெள்ளவத்தை தெரிந்ததும், வரிசையாக நின்ற மாடிக் கட்டடங்களுக்குள் உஷாந்தி தாங்கள் இப்போது குடியிருக்கும் வீட்டின் பல்கனியைக் கண்டுபிடித்தாள். காயப்போட்டு எடுக்க மறந்த அவளுடைய நீலச் சேலை கொடியில் ஆடியது. வெளியில் வந்து மூன்றாம் நாள், பார்க்கக் கிடைத்தது சொந்த வீட்டுக் கொடி.

அப்போதுதான் ஜனா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "கிறுதியா இருக்குது, உஷா. தலை சுத்துது."

"பிரஷர் குளிசை போட்டனீங்களே?"

அவர் தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டார்.

"இஞ்சாருங்கோ, உங்களைத்தான் கேக்கிறன். பச்சைப் பையில வச்சனான். எங்க பை?"

"தூண்டில் பெட்டிக்கு இடம் காணேல்ல. அதை வீட்டிலயே விட்டிட்டன்."

"சனிக்கிழமையில இருந்து போடேல்லையே? ஏன் சொல்லேல்ல?"

"சொன்னா நீர் திரும்பிப் போவம் எண்டுவீர்."

அவளுக்கு வந்த கோபத்தில் கண்ணில் நீர் முட்டியது. கத்தி என்ன செய்வது, குளிசை எதிரே தெரிகிற வீட்டில் இருந்தது. அவரைக் கொண்டே நங்கூரத்தைப் போடவைத்து, நிழலில் படுக்கச் சொன்னாள். வீட்டுக் கதவுத் திறப்பையும் போனையும் பொலித்தீன் பையில் சுற்றிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு டிங்கியில் தனியாக இறங்கினாள்.

துடுப்புப் போடுவது நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. கரையை நெருங்கியபோதுதான் கஷ்டம். தூரத்தில் சின்னதாகத் தெரிந்த அலை, கிட்ட வந்ததும் ஆள் உயரத்துக்கு எழுந்தது. ஒன்று முதுகுப்பக்கம் தூக்கியது, அடுத்தது கவிழ்த்தது. உப்புத் தண்ணீரைக் குடித்து, ஒரு செருப்பை இழந்து, முழங்காலைப் பாறையில் தேய்த்துக்கொண்டு கரையேறினாள். டிங்கி பின்னால் வந்து கற்களில் மோதி, பெருமூச்சு விட்டதுபோல் காற்றை விட்டு அடங்கியது.

ரயில் பாதையைக் கடந்து மரைன் டிரைவில் ஏறினால், பின்னேர நடைக்கு வந்த சனம். மேல்மாடி பாக்கியலெட்சுமி வாயில் கையை வைத்தாள்.

"என்ன உஷா, நீர் கற்பிட்டி போறதெண்டெல்லோ சொன்னீர்?"

"ஓம், போய்க்கொண்டிருக்கிறன்," என்று சொல்லிவிட்டு ஒற்றைச் செருப்புடன் வீதியைக் கடந்தாள்.

பை சமையலறை மேசையில் அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. உடுப்பை மாற்றும்போது போன் அடித்தது. ஜனா.

"உஷா, தூரக்கண்ணாடியால பாத்துக்கொண்டிருந்தனான். டிங்கிக்கு என்ன நடந்தது? கிழிஞ்சிட்டுதே?"

கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். முழங்காலிலிருந்து ரத்தம் கணுக்கால் வரை வடிந்திருந்தது. "டிங்கி செத்துப்போச்சு," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அப்படியே படுத்துவிடலாம் என்று ஒரு நினைவு வந்தது. கதவைப் பூட்டி, மின்விசிறியைப் போட்டு, நாளைக்குக் காலையில் எழும்பலாம். அவர் கடலில் கிடக்கட்டும். குளிசைப் பையைப் பார்த்ததும் அந்த நினைவு நிலைக்கவில்லை. அவருடைய தகப்பன் இதே வயதில் ஒரு பக்கம் இழுத்துப் படுத்தவர்.

ஆட்டோ பிடித்துத் தெஹிவளைக் கரைக்குப் போனாள். மீன்பிடிப் படகொன்றைத் தள்ளிக்கொண்டிருந்தவரிடம், "மல்லி, அர போட்டுவட்ட யன்ன புளுவன்த?" என்று சிங்களத்தில் கேட்டாள், தூரத்தில் தெரிந்த படகைக் காட்டி, தம்பி, அந்தப் படகுக்குப் போக முடியுமா என்று. அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அதில் யார் இருக்கிறார் என்றார். என் மனுசன் என்றாள். அவர் சிரித்தார், பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு கையை நீட்டி ஏற்றினார். சூரியன் விழுவதற்குள் போய்ச் சேர்ந்தாள்.

ஜனா குளிசையை விழுங்கித் தண்ணீர் குடித்தார். முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. வந்ததுமே, "உஷா, நான் யோசிச்சனான். இனிக் காலி பக்கம்..." என்று தொடங்கினார்.

"போதும்." அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "நாளைக்குக் காலமை பேருவளை. இடையில ஒரு இடமும் இல்லை. நான் பிடிக்கிறன் சுக்கானை, நீங்கள் பாயைப் பாருங்கோ. மாத்திக் கதைச்சீங்களெண்டா அடுத்த மீன் படகில ஏறிப் போயிடுவன்."

அவர் பாய்க் கயிறுகளைச் சுருட்டத் தொடங்கினார். மறுநாள் சுக்கான் கட்டையைப் பிடித்தபடி, கரையைப் பார்த்துப் பார்த்து அவளே ஓட்டினாள். காற்று சாதகமாக இருந்தும் அவளுக்கு அது பிடிக்கவில்லை. வெயில் பிடிக்கவில்லை. பாய் சடசடக்கும் சத்தமும் பிடிக்கவில்லை. ஆனால் போவதாகச் சொன்ன ஊருக்குப் படகு போய்ச் சேர்ந்தது.

பேருவளையில் நங்கூரம் போட்ட பிறகுதான், கரைக்குப் போக டிங்கி இல்லை என்பது இருவருக்கும் உறைத்தது. படகின் முனையில் நின்று, போகிற வருகிற தோணிகளைக் கூப்பிட்டுக் கை வீசினார்கள். ஒன்றும் திரும்பவில்லை. ஜனா களைத்துப்போய் அவளுக்குப் பக்கத்தில் இருந்தார். அவள் கால் நீட்டியிருந்ததில் காயம் கண்ணில் பட்டது.

"இது எப்ப பட்டது?"

"நேற்று. உங்கட டிங்கி செத்த நேரம்."

அவர் உள்ளே போய் மருந்துப் பெட்டியைத் தேடி எடுத்து வந்து, மண் ஒட்டியிருந்த இடத்தை மெல்லத் துடைத்தார். எரிந்தது. அவள் காலை இழுக்கவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை. மேற்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தாள், ஐஸ் ஏற்றி வந்த தோணியொன்று கடைசியில் அவர்களைக் கண்டு திரும்பும் வரை.

மழைக்கு முன் படகைப் பெந்தோட்டையில் ஒருவருக்கு விற்றார் ஜனா. கையொப்பம் வைக்கப் போன நாளில் தன்னோடு வரச் சொல்லிக் கேட்டார். கடையில் வேலை இருக்கிறது என்றாள் உஷாந்தி. உண்மையாகவே இருந்தது.